யாருடைய ஆள்

முதல் வழக்கை அவள் சோப்புத்தூள் கம்பெனி மேல் போட்டாள்.

காரணம் சட்டை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்த அன்று நீலச் சட்டை இரண்டு கொடுத்தார்கள். முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர். அந்தப் பெயரை வருஷக்கணக்கில் முதுகில் சுமந்தாள். வேலையை விட்டு எடுத்தபின், யார் மேல் வழக்குப் போடுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. நாத்தனார் அதை ஒரு வாய் டீ குடிக்கும் நேரத்தில் தீர்த்துவைத்தாள்.

"இதுல என்ன ஆராய்ச்சி? சூடு போட்டவன்தான் மாட்டுக்காரன். முதுகுல எழுதியிருக்கானே, அவன் மேல போடு."

நாத்தனார், புருஷனின் அக்கா. முன்னறைக் கட்டிலை விட்டு இறங்காமல் தெருவில் உள்ள எல்லா வழக்குக்கும் தீர்ப்புச் சொல்லுகிறவள். அந்தத் தீர்ப்பில் ஒன்றுகூட அதுவரை பலித்ததில்லை. ஆனால் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவனும் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அதே பெயரைத்தான் எழுதினான். முட்டாள்தனத்துக்கு இரண்டு பேர் கிடைத்துவிட்டால் அது நியாயம் மாதிரித்தான் இருக்கும்.

சோப்புத்தூள் கம்பெனியிலிருந்து இளவட்டமாக ஒரு வக்கீல் வந்தான். சிரிப்பை அடக்குவதைத் தவிர அவனுக்கு அங்கே வேலை எதுவும் இருக்கவில்லை. எங்கள் தூளை மூட்டை மூட்டையாக வாங்குகிற இடங்களுக்கு விளம்பரத்துக்காகச் சட்டை இலவசமாகக் கொடுப்பது வழக்கம் என்றான். குடையும் கொடுப்பதுண்டு என்றான். நல்லவேளை, இந்த அம்மாவுக்குக் கிடைத்தது சட்டை. குடை கிடைத்தவர்கள் எல்லாரும் கிளம்பி வந்தால் கம்பெனி தாங்காது.

கோர்ட்டு சிரித்தது. நீதிபதியும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு மனுவைத் தள்ளிவிட்டு, கெடு முடியக் கொஞ்சம் நாள் இருக்கிறது, அதற்குள் சரியான முதலாளியைக் கண்டுபிடித்து வாருங்கள் அம்மா என்றார். கெடு தாண்டினால் வேலை போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"மாட்டுக்காரன் வந்தான் அண்ணி. சூடு மட்டும்தான் அவனோடதாம்."

சலவைக்கூடத்தில் அவளை நீராவி என்பார்கள். அவள் நின்றது உருளை மெஷினில். ஈரப் போர்வையை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, தேய்ந்து, சுடச்சுட வரும். அந்த ஆவியால் பாதிப் பெயர் வந்தது. மீதிப் பாதி அவள் வாயால் வந்தது.

அந்த வாய்தான் வேலைக்கும் உலை வைத்தது. ஒரு நாள் ஆள் குறைவு என்று அவளை அழுக்குத் துணி பிரிக்கும் மேசைக்கு அனுப்பினார்கள். வார்டிலிருந்து வரும் போர்வைக்குள் என்ன இருக்கும் என்று கடவுளுக்கே தெரியாது. அன்றைக்கு ஊசி இருந்தது. விரலில் ஏறியது. ரத்தத்தைச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று சொல்லுமட்டும் அவள் வீட்டில் தனித் தம்ளரில் தண்ணீர் குடித்தாள். ஒன்றும் இல்லை என்று வந்த மறுநாளே அதே மேசைக்குப் போகச் சொன்னார்கள். கெட்டியான கையுறை வேண்டும் என்றாள். வெங்காயத் தோல் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு விரலை மடக்கினாள். கிழிந்தது. போர்வையைத் தொடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் துணி சிஸ்டர் வந்தார்.

துணி சிஸ்டர் ஒரு காலத்தில் வார்டு நர்ஸ். முழங்கால் கெட்டபின் துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள வந்தவர். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை மூக்கு என்பார்கள். தினமும் காலையில் வந்து, மடித்து அடுக்கிய போர்வைகளின் நடுவிலிருந்து ஒன்றை உருவுவார். மேலே இருப்பதை எடுக்கமாட்டார். மேலே இருப்பது அவருக்காகவே வைத்தது என்று அவருக்குத் தெரியும். உதறி, முகத்தில் வைத்து, கண்ணை மூடி மோந்துபார்ப்பார். ஈரவாடை லேசாக அடித்தாலும் வண்டி முழுவதும் திரும்பத் தண்ணீருக்குப் போகும். இருபது பேர் மெஷினை நிறுத்திவிட்டு அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொதிநீர் எவ்வளவு நேரம் ஓட வேண்டும், யார் எந்த மெஷினில், யாருக்கு எப்போது லீவு, எல்லாம் அந்த மூக்கிலிருந்து இறங்கி வரும். சூப்பர்வைசர் என்று ஒருவன் இருந்தான். மூக்கு சொன்னதைத் திருப்பிச் சொல்லுவது அவன் உத்தியோகம்.

சிஸ்டர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. சூப்பர்வைசரிடம், "நாளைலேர்ந்து இந்தப் பொண்ணு வேண்டாம்" என்றார். பிறகு அடுத்த போர்வையை உருவினார்.

அந்த வேலை ஒன்றும் சொர்க்கம் இல்லை. வெயில் காலத்தில் உருளைக்கு முன்னால் நிற்பது உயிரோடு வேகுவதுதான். ஆனால் புருஷனின் பஞ்சர் கடையில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம் உண்டு. வருமானமும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான். அவளுக்குத் தெரிந்தது அந்த மெஷின். வேறெங்கே போனாலும் முன் இடத்தில் ஏன் எடுத்தார்கள் என்று கேட்பார்கள். அவளுக்கு அந்த மெஷின் திரும்ப வேண்டும்.

முதலாளியைத் தேடிக் கிளம்பினாள்.

வேலையில் இருந்தவரை தடுக்கி விழுந்தால் ஒரு முதலாளி மேல்தான் விழவேண்டும். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் மூன்று பேர் கேட்பார்கள். தண்ணீர் குடித்தால் இரண்டு பேர் பார்ப்பார்கள். இப்போது ஒருவரும் இல்லை. சூப்பர்வைசர், நானும் உன்னை மாதிரிதான் அக்கா, என்னைக் கோர்ட்டு கீர்ட்டு என்று இழுக்காதே என்று தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டான். ஆஸ்பத்திரி ஆபீசில் ஒரு பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, சலவை எங்களோடது இல்லம்மா, வெளியில் விட்டிருக்கிறோம் என்றாள். சலவைக்கூடம் ஆஸ்பத்திரிச் சுவருக்குள் இருந்தது. அந்த ஆபீசின் ஜன்னலைத் திறந்தால் அதன் புகைபோக்கி தெரியும். அதைச் சொன்னதற்கு அந்தப் பெண் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

வெளியில் என்றால் யார்? மாதாமாதம் சம்பளம் போட்டவன் ஆள் அனுப்பும் கம்பெனிக்காரன். எல்லாரும் அவனை ஆள்சப்ளை என்றே சொன்னார்கள். அவள் அவனை நேரில் பார்த்ததே இல்லை. போன் பண்ணினால் மணி அடிக்கும். ஊரில் எல்லாருக்கும் ஆள் அனுப்புகிறவனுக்குப் போன் எடுக்க ஒரு ஆள் இல்லை.

கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவிடம் போனாள். நாற்பது வயது இருக்கும். மேசை முழுக்கக் கட்டுக்கட்டாகக் காகிதம், நடுவில் திறந்த பிஸ்கட் பாக்கெட். சோப்புத்தூள் கதையைக் கேட்டு வக்கீலம்மா சிரிக்கவில்லை. ஒருத்தர் பால்காரர் மேலேயே போட்டிருக்கார், இது பரவாயில்லை என்றாள்.

பிறகு மூன்று கேள்வி கேட்டாள். யார் சொன்னால் மெஷினை ஓட்டுவீர்கள்? யார் சொன்னால் நிறுத்துவீர்கள்? யார் போகச் சொன்னால் போயாக வேண்டும்?

"மூக்கு. மூக்கு. மூக்கு."

வக்கீலம்மா பேனாவை வைத்தாள். யார் அது என்று கேட்டாள். நீராவி சொன்னாள். சொல்லச் சொல்ல வக்கீலம்மாவின் முகம் தெளிந்தது.

"சட்டை யாரோடது, சம்பளம் யார் கைவழியா வருதுன்னு மட்டும் கோர்ட்டு பாக்காது. யார் வாய் அங்க நடக்குதுன்னு பாக்கும். அந்த சிஸ்டர் ஆஸ்பத்திரி ஆள். அப்ப உங்க முதலாளி ஆஸ்பத்திரி."

கெடு முடிவதற்குள் ஆஸ்பத்திரி மேல் வழக்கு ஏறியது.

ஆஸ்பத்திரி பதில் போட்டது. இந்த அம்மாளை எங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் பதிலின் சாரம். மீதிப் பக்கங்கள் அதை மரியாதையாகச் சொல்லுவதற்குச் செலவாகியிருந்தன. அதை எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அடுத்த வாரம் வீட்டு வாசலில் வந்து நின்றது. வெள்ளைக் கார். அதிலிருந்து ஒரு செண்டு வாசனை இறங்கியது. பின்னால் ஆள்சப்ளை இறங்கினான், கையில் பிஸ்கட் டப்பா.

போனை எடுக்காத மனுஷன் வீடு தேடி வந்துவிட்டான். பஞ்சர் கடையிலிருந்து புருஷன் கையைத் துடைத்தபடி ஓடி வந்தான். நாத்தனார் கட்டிலில் இடம் ஒதுக்கினாள். ஆள்சப்ளை உட்கார்ந்து, நீராவியை அக்கா என்று கூப்பிட்டான். நடந்தது தப்பு என்றான். நீங்கள் என்னுடைய ஆள், நான்தான் உங்கள் முதலாளி, கோர்ட்டில் நானே வந்து ஒத்துக்கொள்கிறேன் என்றான். எதற்கு ஆஸ்பத்திரியோடு மல்லுக்கட்ட வேண்டும்? என்னிடம் இடமா இல்லை? நாளைக்கே குடோனில் இரவுக் காவலுக்குப் போகலாம். உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை.

அவன் போனதும் நாத்தனார் டப்பாவைத் திறந்தாள்.

"வலிய வர்ற சீதேவிய எட்டி உதைக்காதே. ஒருத்தன் நான்தான் முதலாளின்னு வீடேறி வந்து சொல்றான். இந்தக் காலத்துல பெத்த அப்பனே சொல்லமாட்டான்."

"அதான் அண்ணி இடிக்குது" என்றாள் நீராவி. "பொண்ணு பாக்க வந்தவன் கேக்காமலே எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டினா, அவன் வீட்டுல என்ன கோளாறுன்னு விசாரிக்கணும்."

புருஷன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினான். ஒருத்தனாவது ஒத்துக்கொள்கிறானே, காவல் வேலையானாலும் வேலைதானே என்றான். அதில் இருந்த களைப்பு அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்லாமல், வாங்க, அவன் ஆபீசைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனாள்.

டிரைவிங் ஸ்கூலுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் ஒரு கதவு. கதவில் நான்கு போர்டு, நான்கு கம்பெனிப் பெயர். நான்காவதில் பெயிண்டு இன்னும் காயவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, பழைய காலண்டர். புருஷன் அதைத் தொட்டுப் பார்த்தான், விரலில் ஒட்டியது. அவன் தொழிலில் ட்யூபில் ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும். இதற்குத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை.

"குடோனும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம்" என்றான். "நீ கேஸை நடத்து."

வக்கீலம்மாவும் அதையே சொன்னாள். ஆள்சப்ளைதான் முதலாளி என்று ஆகிவிட்டால் ஆஸ்பத்திரி கையைக் கழுவிவிடும். இவன் உங்களை ஒரு மூலையில் போடுவான். அடுத்த மாதம் அந்தப் போர்டைக் கழற்றிவிட்டு, கம்பெனியே இல்லை என்பான். இல்லாத கம்பெனியிடம் மெஷினைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆஸ்பத்திரிதான் அவனைத் தூண்டிவிட்டிருக்கிறது என்பதைச் சொல்ல வக்கீல் படிப்புத் தேவையில்லை.

விசாரணை நாள் வந்தது. அன்றைக்கு முடிவாக வேண்டியது ஒன்றுதான். முதலாளி யார்? ஆள்சப்ளை என்றால் ஆஸ்பத்திரியின் பெயர் வழக்கிலிருந்து போய்விடும், மெஷினும் அதோடு போய்விடும்.

சாட்சிகள் வெளியே இருக்க வேண்டும் என்பது முறை. அன்று வராந்தாவில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார இடம் இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கத்துப் பெரிய வக்கீல் எழுந்து, எங்கள் சாட்சி வயதானவர், முழங்கால் சரியில்லை, உள்ளே பின்பெஞ்சில் உட்கார அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். வக்கீலம்மா ஆட்சேபிக்கவில்லை. துணி சிஸ்டர் நொண்டியபடி வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளைச் சேலையில் ஒரு சுருக்கம் இல்லை. நீராவியை அன்றைக்கும் அவர் பார்க்கவில்லை.

முதலில் ஆள்சப்ளை கூண்டில் ஏறினான். இந்த அம்மா என் ஆள் என்றான். வேலைக்கு எடுத்தது நான், நீக்கியது நான், தப்பும் என்னுடையது என்றான். அதோடு இறங்கியிருந்தால் பிழைத்திருப்பான். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நீதிபதி அவன் சொல்லுவதை எழுதிக்கொண்டிருந்தார். அது தலைக்கேறியது. சலவைக்கூடத்தை நடத்துவது யார் என்று பெரிய வக்கீல் கேட்டதும் அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"நான்தாங்க. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு தூள், எல்லாம் என் கணக்கு. அந்த ஆஸ்பத்திரிப் போர்வை பால் மாதிரி இருக்குன்னு நாலு பேர் சொல்றாங்கன்னா, அது என் கைப்பக்குவம்."

பின்பெஞ்சில் ஒரு சத்தம் கேட்டது. இருமலா, வேறு எதுவுமா என்று சொல்ல முடியவில்லை. நீராவி திரும்பிப் பார்த்தாள். சிஸ்டரின் மூக்கு விடைத்திருந்தது. இருபது பேர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அதே விடைப்பு.

அடுத்து சிஸ்டர். பெரிய வக்கீல் அவருக்கு நன்றாகப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார். சிஸ்டர் ஒப்பித்தார். நான் துணியை எண்ணி வாங்குவேன், எண்ணிக் கொடுப்பேன். அதற்கு மேல் சலவைக்கூடத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. எழுத்துப் பிசகவில்லை. பெரிய வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார்.

வக்கீலம்மா எழுந்தாள். கையில் காகிதம்கூட இல்லை.

"சிஸ்டர், இவர் சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க. போர்வை வெள்ளையா இருக்கிறது இவரோட கைப்பக்குவம்னு சொன்னார். அது சரிதானே? ஆமான்னு சொல்லிட்டா நீங்க போகலாம்."

பெரிய வக்கீல் பாதி எழுந்தார். நீதிபதி உட்காருங்கள் என்று கை காட்டினார். நீராவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது வந்துவிட்டால் அவள் மெஷின் போயிற்று. அந்த ஒரு வார்த்தை சிஸ்டரின் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

"இவனா?" என்றார் சிஸ்டர்.

அதன்பின் யாரும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. இவனுக்குப் போர்வையின் தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்று தெரியுமா, கேளுங்கள் என்றார். சலவைக்கூடத்துக்குள் இவன் கால் வைத்தது ஒரே ஒரு தடவை, அதுவும் வழுக்கி விழுந்தான் என்றார். சூடு எவ்வளவு என்று சொன்னது நான். தூளைப் பாதியாகக் குறைத்தது நான், அதிகம் போட்டால் நோயாளி முதுகில் அரிக்கும். யாரை எந்த மெஷினில் நிறுத்துவது என்று முடிவு செய்தது நான். நல்ல கை யாருடையது, சோம்பேறிக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியாம அங்க ஒரு தலையணை உறைகூட மடங்காது" என்றார்.

நீதிபதி பேனாவை நிறுத்தினார். "அப்ப இந்த அம்மாவை வேலையை விட்டு எடுத்தது?"

"நான்தான். கையுறை நல்லா இல்லன்னு வேலைய நிறுத்திட்டு நின்னா. மேல வார்டுல போர்வை இல்லாம நோயாளி காத்துக்கிட்டு இருக்கான். வேண்டாம்னேன். இன்னிக்கு அப்படி நின்னாலும் அதையேதான் சொல்வேன்."

அதைக் கேட்டபோது நீராவிக்கு வந்தது கோபம் இல்லை. இத்தனை மாதமாக எல்லாரும் காற்றைக் காட்டினார்கள். இப்போதுதான் ஒரு ஆள் நான் செய்தேன் என்று சொல்லுகிறது. ஈரத் துணியைத் தோளிலிருந்து இறக்கிவைத்தது போல இருந்தது.

பெரிய வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய ஜூனியர் காதில் ஏதோ சொன்னான். பெரிய வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோது முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

ஐயா, இந்தச் சாட்சி சொன்னதற்கு ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்றார். இவர் எங்கள் ஊழியரே அல்ல. வயதாகி ஓய்வு பெற்றுவிட்டார். அதன்பின் அதே இடத்தில் இருந்தாலும், ஆள் அனுப்பும் கம்பெனி மூலமாகத்தான் இருக்கிறார்.

சிஸ்டர் கூண்டில் நின்றபடி அவரைப் பார்த்தார்.

"எனக்கு நீட்டிப்புக் கொடுத்திருக்குன்னு சொன்னீங்களே."

பெரிய வக்கீல் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆள்சப்ளைதான் எழுந்தான். பழக்கதோஷம்.

"ஆமாங்க, இந்தம்மாவும் நம்ம ஆள்தான்."

நீதிபதிக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாகக் கேட்டார். "ஆஸ்பத்திரியில கட்டடத்தைத் தவிர அவங்களோடதுன்னு எதாவது இருக்கா?"

"டாக்டர்கள் இருக்கிறார்கள் ஐயா" என்றார் பெரிய வக்கீல்.

"அதுலயும் அஞ்சாறு பேர் நம்ம மூலமாத்தாங்க" என்றான் ஆள்சப்ளை.

பெரிய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். கோர்ட்டில் மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை நீராவியும் சிரித்தாள். சிரிக்காதவர் சிஸ்டர் ஒருவர்தான். கூண்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். யாரும் கை கொடுக்கவில்லை. அவரை யாருடைய சாட்சி என்று சொல்லுவது என்று அந்த நேரத்தில் யாருக்கும் நிச்சயமில்லை.

வராந்தாவில் ஆள்சப்ளை நீராவியை மறித்துக்கொண்டான். அக்கா, இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நான்தான் முதலாளி என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினான். ஆஸ்பத்திரி காண்டிராக்டைப் பிடுங்கிவிடும் என்றான். அவன் தோளில் ஈரச் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"என் மேல வழக்குப் போடுன்னு அழற முதலாளிய இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். "போய் அஞ்சாவது போர்டை எழுது."

தீர்ப்பு வந்தது. சிஸ்டர் இருப்பது ஆஸ்பத்திரி அறை, உட்காருவது ஆஸ்பத்திரி நாற்காலி, கையில் ஆஸ்பத்திரிச் சாவி. காகிதத்தை மாற்றியதால் அந்த அறையிலிருந்து வருகிற உத்தரவு வேறு ஒருவருடையதாக ஆகிவிடாது. சொல்லிய வாய் ஆஸ்பத்திரியின் வாய். முதலாளி ஆஸ்பத்திரிதான். இந்த அம்மாளைப் பழைய மெஷினிலேயே நிறுத்த வேண்டும். அழுக்கு மேசையில் நிற்கிறவர்களுக்குக் கெட்டிக் கையுறை தர வேண்டும். நாத்தனார் தீர்ப்பை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் அப்பவே ஆஸ்பத்திரி மேலதான் போடச் சொன்னேன் என்றாள். புருஷன் மறுக்க வாயெடுத்தான். நீராவி கண்ணைக் காட்டினாள். கட்டில் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

வேலைக்குப் போன முதல் நாள் வாசலில் நிறுத்திவிட்டார்கள். எந்தக் கம்பெனி என்று காவலாளி கேட்டான். ஆஸ்பத்திரி என்றாள். சலவைக்கூடத்துக்குப் போகிறவர்களில் ஆஸ்பத்திரி ஆள் என்று யாரும் இருந்ததே இல்லை. அதற்கு அட்டை இல்லை. ஆபீசிலிருந்து ஜன்னலைச் சாத்திய பெண்ணே இறங்கி வந்து, ஒரு துண்டுத் தாளில் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, நம்ம குடும்பத்துக்கு வாங்க என்று சிரித்தாள். இத்தனை நாள் கழித்துப் பிள்ளையை அடையாளம் கண்டுகொண்ட குடும்பம். நீராவி தாளை வாங்கிக்கொண்டாள், சிரிப்பை வாங்கிக்கொள்ளவில்லை.

உள்ளே மற்றவர்கள் எல்லாரும் இன்னும் ஆள்சப்ளையின் ஆட்கள்தான். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தியாக வந்து, மூக்குக்கண்ணாடிக் கடை எந்தத் தெரு என்று கேட்டார்கள். துணிக் கிடங்கில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான். சிஸ்டர் எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. சிஸ்டர் யார் என்றே தெரியவில்லை. சூப்பர்வைசர்தான் சொன்னான். தீர்ப்புக்கு மறுநாள் சாவியை வாங்கிவிட்டார்களாம். ஆள்சப்ளை அவருக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தானாம். நீச்சல்குளத்தில் துண்டு எண்ணுகிற வேலை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி. நீராவி கொஞ்சம் தள்ளி நின்றாள். பேசுவதற்கு அவளுக்கு ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம் மனசுக்குள் பலமுறை பேசித் தீர்த்திருந்தாள்.

"உன் வக்கீல் எப்படி?" என்றார் சிஸ்டர். அப்போதும் திரும்பவில்லை.

"உங்களுக்குத்தான் தெரியுமே. ஒரே கேள்விதான் கேட்டாங்க."

சிஸ்டர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போடப் போவதாகச் சொன்னார். ஓய்வுக்குப் பின்னும் நான் அவர்களுடைய ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு நான் அங்கே என்ன செய்தேன் என்று பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆள்சப்ளைக்குப் பயந்தவர்கள், வாயைத் திறக்கமாட்டார்கள். இவ்வளவையும் கொதிநீர்க் கணக்கு சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உன்னை நான் அனுப்பினது தப்புன்னு நினைக்கல."

"நானும் நீங்க நல்லவங்கன்னு நினைக்கல."

பஸ் ஒன்று வந்து நின்று, போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.

நீராவி யோசித்தாள். பாவம் என்று தோன்றவில்லை. ஆனால் அன்று கூண்டில் நின்ற அத்தனை பேரிலும் பொய்யை முழுங்க முடியாமல் போனது இந்த ஒருத்திக்குத்தான். அது நியாயத்துக்காக இல்லை, கர்வத்துக்காக. இருந்தாலும் உண்மை உண்மைதான். அதோடு, சாட்சிக் கூண்டில் தன்னைப் பார்த்தால் பெரிய வக்கீலின் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது.

"வரேன் சிஸ்டர். ஆனா நீங்க என்னை வேலைய விட்டு எடுத்ததையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

சிஸ்டர் முதல்முறையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"அதைத்தான் நீ முதல்ல சொல்லணும்."